நாவல் காத்திருக்காது

ஆனி பிறந்துவிட்டால் திருவண்ணாமலை செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைச் சுற்றி நாவல்பழக் கூடைகள் வந்து உட்கார்ந்துவிடும். ஜவ்வாது மலைப் பக்கமிருந்து போளூர் வழியாக பஸ் ஏறி வருகிறவர்களும் உண்டு; பக்கத்துக் கிராமத்து ஏரிக்கரை மரத்தை உலுக்கி எடுத்துவருகிறவர்களும் உண்டு. காலை ஏழு மணிக்கு மினுமினுவென்று கண்ணைப் பறிக்கும் கூடை, மதியத்துக்குள் கசிய ஆரம்பிக்கும். விளக்கு வைக்கும் நேரத்தில் ஈ மொய்க்கும். மறுநாள் அது விற்கிற சரக்கல்ல. விற்கிறவர்கள் சாயங்காலம் விலையை இறக்கிக்கொண்டே போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். விடியற்காலையில் எழுந்து, மரம் ஏறி, பஸ்ஸில் இடம்பிடித்துக் கொண்டுவந்த பழம், ஒரே பகலில் பாதி வீணாகப் போகிறது.

எங்கள் வீடு ரமண நகரில். பின்பக்கம் ஒரு நாவல், நெல்லி மரங்கள், வேலியோரம் களாப் புதர், தொட்டியடியில் சுண்டை, யாரும் விதைக்காமலே முளைத்துப் பரவும் மணத்தக்காளி. மரம் கொடுப்பது போதாமல் வெளியிலும் வாங்கி, வற்றல், உப்பு நெல்லி, நாவல் கூழ் என்று செய்து வைக்கிறேன். வருஷக்கணக்காக இந்தச் சின்னப் பழங்களோடு புழங்கியதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இது: பழத்தின் ஆயுளை ஃபிரிட்ஜ் தீர்மானிப்பதற்கு முன்பே, அதைப் பறித்த கையும் பறித்த நேரமும் தீர்மானித்துவிடுகின்றன. அதற்குப் பிறகு நாம் செய்வதெல்லாம் இருக்கிற ஆயுளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவு செய்வதுதான்.

காரணம் எளிமையானது. பறித்த பிறகும் பழம் மூச்சுவிடுகிறது. தன்னிடம் உள்ள சர்க்கரையை எரித்துக்கொண்டே இருக்கிறது. அதில் சூடும் வெளிவருகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த மூச்சு இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ ஆகிவிடும். மாம்பழம், வாழைப்பழம் என்றால் காயாகப் பறித்து வைக்கோலில் வைத்துப் பழுக்க விடலாம். நாவலும் நெல்லியும் அந்த ஜாதி அல்ல. மரத்தில் இருந்தபோது எப்படி இருந்ததோ அதுதான் உச்சம். கூடைக்கு வந்தபின் அது இனிக்கப்போவதில்லை. செங்காயாகப் பறித்த நாவல் கடைசிவரை துவர்க்கும். அதனால் "நாலு நாள் தாங்கட்டும்" என்று முன்கூட்டிப் பறிப்பதில் பயனே கிடையாது.

நாவலைப் பொழுது விடிந்து வெயில் ஏறுவதற்குள் பறிக்க வேண்டும். ராத்திரி முழுக்க மரம் குளிர்ந்திருக்கும், பழமும் குளிர்ந்திருக்கும். பத்து மணிக்கு மேல் பறித்தால் பழம் கைக்கே சுடும். அந்தச் சூட்டோடு கூடையில் குவித்தால் உள்ளே அவிந்துபோகும். அதே நேரம், பனி ஈரம் இருக்கும்போதும் கை வைக்கக்கூடாது. முந்தின நாள் சாயங்காலம் இடிமழை பெய்திருந்தால் நான் அன்று காலை பறிப்பதே இல்லை. மழையைக் குடித்த பழம் தோல் விம்மிப் புடைத்திருக்கும், தொட்டாலே வெடிக்கும். ஒரு நாள் வெயில் காய விட்டு மறுநாள் பறித்தால் இனிப்பும் கூடியிருக்கும்.

கீழே பழைய வேட்டியையோ சேலையையோ நாலு பேர் விரித்துப் பிடிக்க, கிளையை உலுக்கிப் பறிப்பதுதான் ஊர் வழக்கம். அதில் தப்பில்லை. துணியை இறுக்கிப் பிடிக்காமல் தொட்டிலாகத் தொங்கவிட வேண்டும், அவ்வளவுதான். தரையில் விழுந்ததை இதோடு சேர்க்கவே கூடாது. எட்டுகிற கிளைகளில் கொத்தோடு காம்பைக் கிள்ளி எடுத்தால் அந்தப் பழம் மற்றவற்றைவிட ஒரு நாள் கூடுதலாக நிற்கும். காம்பு பிய்ந்த இடம் ஒரு திறந்த வாசல். சாறு வெளியே வருவதும் அந்த வழிதான், பூஞ்சை உள்ளே போவதும் அந்த வழிதான்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலை, நிழலில் ஒற்றை அடுக்காகப் பரப்புவது. இரண்டாவது, பொறுக்குவது. வெடித்தது, கிளி கொத்தியது, காம்பு பிய்ந்து சாறு வடிவது, நல்லது என்று தனித்தனியாகப் பிரித்துவிட வேண்டும். வெடித்தது அன்றைக்கே கூழுக்கு. காம்பு பிய்ந்தது அன்று சாயங்காலம் சாப்பிட. கிளி கொத்தியதை மனிதர் தின்ன வேண்டாம், எருக்குழிக்குப் போகட்டும். மீதி நல்ல பழம் மட்டும்தான் சேமிப்புக்குப் போகும். இந்தப் பொறுக்கலைச் சோம்பல்பட்டு விட்டுவிட்டால் பிறகு எவ்வளவு விலையுள்ள பெட்டியில் வைத்தாலும் பயனில்லை. ஒரு பழத்தின் சாறு பட்ட இடத்தில் எல்லாம் பூஞ்சை பிடிக்கும். நடுவில் கிடக்கும் ஒரே ஒரு அழுகலிலிருந்து சுற்றியுள்ள அத்தனைக்கும் பரவும்.

தண்ணீர் விஷயத்தில் எனக்குப் பாடம் சொன்னது சாலையோரத்தில் கூடை வைத்திருந்த ஒரு வயதான அம்மா. பக்கத்துக் கடைக்காரர்கள் பளபளப்புக்காகப் பழத்தின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா கூடையில் மட்டும் பழம் சாம்பல் பூத்த மாதிரி மங்கலாக இருந்தது. கழுவித் தரச் சொன்னேன்.

"வேணாம் சாமி. கழுவுனா இங்கயே துன்னுட்டுப் போயிடணும். வூட்டுக்குன்னா இப்படியே எடுத்துனு போங்க. துன்ற நேரத்துக்கு அலசுங்க, அது போதும்."

அன்றிலிருந்து தெளித்த பழத்தை நான் வாங்குவதில்லை. உப்பும் அப்படித்தான். உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய நாவல் தின்னத் தின்ன ருசி. ஆனால் உப்பு தோல் வழியாகச் சாற்றை இழுத்துவிடும். அரை மணி நேரத்தில் பொட்டலத்தின் அடியில் ஊதாத் தண்ணீர் தேங்கி நிற்கும். வீட்டுக்கு எடுத்துப் போகிற பழத்தில் உப்பு படவே கூடாது.

திராட்சைக்கும் இதே விதி. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வரும் பன்னீர் திராட்சையின் மேல் வெள்ளையாக ஒரு பூச்சு படிந்திருக்கும். பூச்சிமருந்து என்று பயந்து வாங்கியதுமே தேய்த்துக் கழுவி ஃபிரிட்ஜில் வைக்கிறவர்கள் நிறைய. அந்தப் பூச்சு பழம் தானே சுரக்கும் மெழுகு. ஈரம் வெளியே போகாமல் காப்பதும், கிருமி உள்ளே போகாமல் தடுப்பதும் அதன் வேலை. மருந்து எச்சம் இருக்குமோ என்ற சந்தேகம் நியாயமானது. அதற்குச் சாப்பிடும் நேரத்தில் ஓடுகிற தண்ணீரில் நன்றாக அலசினால் ஆயிற்று. வைக்கும்போது அந்த மெழுகைத் தொடாதீர்கள்.

பாத்திரம் அகலமாகவும் ஆழம் குறைவாகவும் இருக்க வேண்டும். நாவலை மூன்று, நான்கு விரற்கடை உயரத்துக்கு மேல் அடுக்கினால் அடியில் உள்ளது நசுங்கும். மூங்கில் தட்டுக்கூடையில் பூவரசு இலையைப் பரப்பி, அதன் மேல் பழம், மேலே மெல்லிய பருத்தித் துணி. இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குக் கிடைக்கவில்லை. காற்று போகும், ஈரம் தங்காது, அழுத்தமும் இல்லை. செய்தித்தாளை விரிக்காதீர்கள். அச்சு மையில் உள்ள ரசாயனங்கள் ஈரப்பழத்தில் ஏறும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டுப் பொட்டல விதிகள் உணவைச் செய்தித்தாளில் சுற்றுவதையே தடுத்திருக்கின்றன. பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை இருந்தும் இன்னும் கைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. சட்டத்தை விட்டுவிட்டாலும், முடிச்சுப் போட்ட கவரில் பழம் தன் மூச்சிலேயே வியர்த்து வீணாகும். கடைக்குப் போகும்போது வாயகன்ற டப்பா ஒன்றை எடுத்துப் போவது பெரிய சிரமமில்லை.

இனி ஃபிரிட்ஜ். பழம் அறைச் சூட்டுக்கு நன்றாக ஆறிய பிறகே உள்ளே போக வேண்டும். சூடாக மூடி வைத்தால் மூடியின் உட்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்து, சொட்டிச் சொட்டிப் பழத்தின் மேல் விழும். கீழே உள்ள காய்கறித் தட்டுதான் நாவலுக்கு இடம். அங்கே ஈரப்பதம் கூடுதல், குளிர் கொஞ்சம் மட்டு. டப்பாவின் அடியில் ஒரு மடிப்புத் துணி, மூடியை ஒரு பக்கம் லேசாகத் திறந்து வைக்க வேண்டும். இப்படி வைத்த பொறுக்கு நாவல் நாலைந்து நாள் குறையில்லாமல் இருக்கும். சில சமயம் ஒரு வாரமும் தாங்கும். தினமும் ஒரு முறை துணியைத் தொட்டுப் பார்த்து, ஈரமாக இருந்தால் மாற்றிவிடுவேன். பழுத்த வாழைப்பழத்தை அதன் பக்கத்தில் வைக்கக்கூடாது. வாழைப்பழம் விடும் எத்திலீன் வாயு மற்ற பழங்களையும் சீக்கிரம் மூப்படைய வைக்கும். வெளியே எடுத்த பழத்தை மறுபடி உள்ளே வைப்பதும் கூடாது. குளிர்ந்த பழம் வெளிக்காற்றுப் பட்டதும் வியர்க்கும். அந்த ஈரத்தோடு திரும்பிப் போனால் மறுநாள் பூஞ்சைதான். தேவைக்கு மட்டும் கிண்ணத்தில் எடுங்கள்.

மார்கழி, தை மாதங்களில் வெளிநாட்டு அன்பர்கள் நிறைய வந்து தங்குவார்கள். அப்போது கடைகளில் ஸ்ட்ராபெர்ரி டப்பாக்களும் தென்படும். மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கிவரும் பழம் அது. வரும்போதே பாதி ஆயுளை விட்டுவிட்டுத்தான் வருகிறது. மேல்நாட்டுத் தோட்டங்களில் ஸ்ட்ராபெர்ரியைப் பறித்த ஒரு மணி நேரத்துக்குள் குளிர்க்காற்று அறைக்குள் தள்ளிவிடுகிறார்கள், தாமதமாகும் ஒவ்வொரு மணிக்கும் விற்பனைக்குரிய நாள் குறைகிறது என்பதால். அதில் பிடிக்கும் சாம்பல் பூஞ்சை ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரக்கூடியது. ஆகவே டப்பாவை வாங்கியதுமே திறந்து, அடி அடுக்கைப் பார்த்து, நைந்ததை எடுத்துவிட வேண்டும். 50 டிகிரியைச் சற்றே தாண்டிய வெந்நீரில் அரை நிமிடம் முக்கி, உடனே துணியில் பரப்பி உலர்த்துவது என்று ஒரு முறை உண்டு. மேலே ஒட்டியிருக்கும் பூஞ்சை வித்துகள் அந்தச் சூட்டில் சாகும். ஸ்ட்ராபெர்ரிக்கு இதைச் செய்யலாம். நாவலுக்கு வேண்டாம், அதன் தோல் தாங்காது.

ஃபிரிட்ஜ் இல்லாதவர்களுக்கு, முக்கியமாகச் சாலையோரம் விற்கிறவர்களுக்கு, நான் விடாமல் சொல்லிக்கொண்டிருப்பது செங்கல் குளிர்தொட்டியைப் பற்றி. டெல்லி பூசாவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் சுசாந்த ராயும் குர்தியாவும் 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கியது. மின்சாரம் வேண்டாம். நிழலான இடத்தில் செங்கல் பாவி, அதன் மேல் இரட்டைச் சுவர் எழுப்ப வேண்டும். அவர்கள் கொடுத்த அளவு 165 சென்டிமீட்டர் நீளம், 115 அகலம், 67.5 உயரம். இரண்டு சுவருக்கும் நடுவே 7.5 சென்டிமீட்டர் சந்து விட்டு, அதில் ஆற்றுமணலை நிரப்பி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி நனைத்து வைக்க வேண்டும். மேலே வெட்டிவேர்த் தட்டியோ ஈரச்சாக்கோ போட்டு மூடலாம். மணலிலிருந்து ஆவியாகும் நீர் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். கோடையில் உள்ளே 10 முதல் 15 டிகிரி வரை குறையும். ஈரப்பதம் 90 சதவீதத்தை ஒட்டி நிற்கும். வடக்கு நைஜீரியாவில் முகமது பா அப்பா என்ற ஆசிரியர் இதே தத்துவத்தில் பெரிய பானைக்குள் சின்னப் பானையை வைத்து, நடுவில் ஈரமணல் போட்டு ஊர் ஊராகக் கொடுத்தார். 2000-ஆம் ஆண்டு அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

திருவண்ணாமலை மாதிரி ஊருக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். மலைப்பாறை பகலெல்லாம் சூட்டை வாங்கி ராத்திரியில் கக்கும் ஊர் இது. பங்குனியிலிருந்து ஆனி வரை காற்றில் ஈரமே இருக்காது. காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவுக்குக் குளிர்ச்சி கூடும். நான் வைத்திருப்பது பானைக்குள் பானைதான். காலையில் பறித்த நாவல் அதில் மறுநாள் சாயங்காலம் வரை கசியாமல் இருக்கிறது. சாலையில் உட்கார்ந்து விற்கிற ஒருவருக்கு இந்தக் கூடுதல் ஒரு நாள் என்பது விலையை இறக்காமல் விற்பதற்கான நாள். குளிரூட்டிய கிடங்கு எல்லா ஊருக்கும் வரும்வரை பத்து பேர் சேர்ந்து இப்படி ஒரு தொட்டி கட்டிக்கொண்டால் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் இது உதவாது. காற்றே ஈரமாக இருக்கும்போது ஆவியாவது நின்றுவிடும். தொட்டிக்குள் குளிர்ச்சிக்குப் பதில் பூஞ்சை வளரும். அந்த மாதங்களில் மணலைக் காயவிட்டு, தொட்டியைச் சுண்ணாம்பு அடித்து வைத்துவிட வேண்டும்.

அந்த மழை மாதங்கள்தான் நெல்லியின் காலம். நெல்லி நாவலுக்கு நேர் எதிர். அதற்கு அவசரமே இல்லை. முற்றிய நெல்லி மரத்திலேயே வாரக்கணக்கில் கெடாமல் நிற்கும். அதனால் முதல் பாடம், தேவைக்கு மேல் பறிக்காதீர்கள். மரத்தைவிட நல்ல கிடங்கு கிடையாது. மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள் துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரையோடு நெல்லியும் சுண்டையும் வேண்டும் என்று எல்லா வீட்டிலும் தேடுவார்கள். அன்றைக்குக் கொடுப்பதற்காக நான் கார்த்திகையிலேயே பறித்துச் சேர்த்து வைப்பதில்லை. கிளையில் விட்டுவைத்து, முந்தின நாள் பறித்தால் கண்ணாடி மாதிரி பளபளப்போடு இருக்கும். பச்சை மங்கி, லேசாக மஞ்சள் ஏறி, வெளிச்சத்தில் காட்டினால் உள்ளே கோடுகள் தெரிகிற பருவம்தான் முற்றிய பருவம்.

நெல்லியைத் தடியால் அடித்து உதிர்ப்பதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. கல் மாதிரி கெட்டியாக இருக்கிறதே, ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறார்கள். அடிபட்ட இடம் அன்று தெரியாது. இரண்டு நாளில் அங்கே பழுப்பு வட்டம் விழும். அப்புறம் அதன் மேல் நீலமும் பச்சையுமாகப் பூஞ்சை பொடிப்பொடியாகப் பூக்கும். ஒரு கூடை நெல்லியை மூக்கருகே கொண்டுபோனால் பச்சை வாசனைக்குப் பதில் ஈர மண் வாசனை அடித்தால் உள்ளே எங்கோ அது தொடங்கிவிட்டது என்று பொருள். கொட்டிக் கவிழ்த்துத் தேடி எடுத்துவிட வேண்டும். கையால் பறித்து, துணிப்பையில் சேர்த்த நெல்லி வெளியிலேயே ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும். ஃபிரிட்ஜில் இன்னும் பல வாரங்கள். ஃபிரிட்ஜில் தோல் சுருங்காமல் இருக்க ஈரம் பிழிந்த துணியில் சுற்றி வைக்கிறேன்.

நிறைய காய்த்துவிட்டால் உப்புநீர்தான் வழி. லிட்டருக்கு 100 கிராமுக்குக் குறையாமல் கல்லுப்புப் போட்டுக் கொதிக்கவைத்து, மஞ்சள்தூள் சேர்த்து, முழுக்க ஆறவிட்டுப் பீங்கான் ஜாடியில் ஊற்றி, துடைத்து உலர்த்திய நெல்லியைப் போடுவேன். நெல்லி மிதக்கும். மிதந்து வெளியே தலைகாட்டுவதுதான் முதலில் கெடும். ஒரு சின்னப் பீங்கான் தட்டைக் கவிழ்த்து அமுக்கி வைக்க வேண்டும். மேலே வெள்ளையாகப் படலம் கட்டினால் உலர்ந்த கரண்டியால் வழித்து எடுக்கலாம். ஈரக் கையும் இரும்புக் கரண்டியும் ஜாடிப் பக்கமே போகக்கூடாது. நெல்லியின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கன்னங்கரேலென்று ஆகிவிடும். அலுமினியமும் பித்தளையும் உப்பு, புளிப்பு இரண்டுக்கும் ஆகாது. ஊறிய நீரில் சத்தும் இறங்கியிருக்கும். அதைக் கொட்டாமல் மோரில் கலந்துகொள்ளுங்கள்.

உப்புநீர் எனக்கு ஒரு காத்திருப்பு அறையும்கூட. கார்த்திகை, மார்கழி மேகமூட்டத்தில் வற்றல் போட முடியாது. தை பிறந்து வாடைக்காற்று உலர்ந்ததும், ஜாடியிலிருந்து எடுத்து ஆவியில் வைத்தால் நெல்லி ஆறு சுளையாகத் தானே பிரிந்துகொள்ளும். கொட்டையை நீக்கி வெயிலில் காயவைத்தால் அடுத்த நெல்லிக்காலம் வரை வரும்.

கிரிவலப் பாதையிலும் ஆசிரமத்தை ஒட்டிய கடைகளிலும் தேன் நெல்லி நிறைய விற்கிறது. வீட்டில் போட்டால் பொங்கி நுரைத்துவிடுகிறது என்று பலரும் வருத்தப்படுகிறார்கள். தேன் கெடாமல் இருப்பதற்குக் காரணம் அதில் நீர் குறைவு, 20 சதவீதத்துக்கும் கீழே. நெல்லியிலோ பெரும்பகுதி நீர்தான். பச்சை நெல்லியைப் போட்டால் அந்த நீர் தேனில் இறங்கி, தேனை இளக்கி, நொதிக்க வைத்துவிடும். ஆகவே ஆவியில் வேகவைத்து, சுளை பிரித்து, தோல் சுருங்கி ஈரம் ஒட்டாத பதம் வரும்வரை நிழலிலும் இளவெயிலிலும் உலர்த்திய பிறகே தேனில் போட வேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்துத் தேன் நீர்த்துத் தெரிந்தால், அதை வடித்து ரசத்துக்கோ பானகத்துக்கோ வைத்துக்கொண்டு புதுத்தேன் ஊற்றினால் நிற்கும்.

இந்தப் பகுதியில் மொட்டைமாடியில் எதையும் திறந்து காயவைக்க முடியாது. மலையிலிருந்து குரங்குகள் இறங்கிவரும். ஆசிரமத்து மயில்களுக்கும் எங்கள் மாடி பழக்கம். அவற்றைத் துரத்துவதில் எனக்கு விருப்பமில்லை, இடம் அவற்றுடையது. நாலு பக்கமும் கம்பிவலை அடித்த கூண்டு ஒன்று தச்சரிடம் சொல்லிச் செய்து, உள்ளே பாய் விரித்துக் காயவைக்கிறேன். மேலே வெள்ளைத் துணி போட்டால் தூசியும் படாது, நிறமும் வெளுக்காது.

சுண்டையும் மணத்தக்காளியும் கோடை வேலை. சுண்டையை லேசாகத் தட்டியோ கீறியோ உப்புப் போட்ட புளித்த மோரில் ராத்திரி ஊறவிட்டு, பகலில் காயவைத்து, மறுபடி ராத்திரி அதே மோரில் போட்டு, மோர் வற்றும்வரை இப்படியே செய்வார்கள். மணத்தக்காளிக் காயை நசுக்க வேண்டாம். ஊறி உலர்ந்தால் போதும். எல்லோரும் காயவைப்பதில் கவனமாகத்தான் இருக்கிறார்கள். கோட்டைவிடுவது ஒரே இடத்தில்தான்: வெயிலிலிருந்து சூடாக எடுத்த வற்றலை அப்படியே டப்பாவில் போட்டு மூடிவிடுகிறார்கள். உள்ளே வியர்த்து, ஒரு மாதத்தில் நமுத்து, பூச்சி வைக்கும். நிழலில் நன்றாக ஆறவிட்டு, ஒன்றை எடுத்து ஒடித்தால் சத்தம் வருகிறதா என்று பார்த்து, பிறகு கண்ணாடிப் புட்டியில் போடுங்கள். மாதம் ஒரு முறை வெயில் காட்டுங்கள்.

களாக்காயைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பறித்த காம்பில் பால் வடியும். அது காயின் மேல் பட்டால் பிசினாகி அழுக்கு ஒட்டும். காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி ஒரு மணி நேரம் சல்லடையில் வைத்து வடியவிட்டு, பிறகு கழுவி ஊறுகாய் போடலாம். இலந்தை தை, மாசியில் வரும். அதில் புழு உள்ளே இருப்பது வெளியே தெரியாது. தண்ணீரில் போட்டு மிதப்பதைத் தள்ளிவிட்டு, மீதியைப் பாதி காயவைத்து வைக்கலாம், அல்லது மிளகாய், உப்பு, பெருங்காயம், வெல்லம் சேர்த்து இடித்து இலந்தை வடையாகத் தட்டிக் காயவைக்கலாம். இலந்தைக்கு ஃபிரிட்ஜைவிட வெயில்தான் சிநேகிதம்.

ரமணர் விடியற்காலையில் ஆசிரமச் சமையலறையில் உட்கார்ந்து காய் நறுக்குவார், எதையும் வீணாக்க விடமாட்டார் என்று அன்பர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த ஊரில் இருந்துகொண்டு ஒரு கூடைப் பழத்தை அழுகவிடுவது எனக்கு மனம் ஒப்பாத காரியம். அதனால் மிஞ்சிய நாவல் அனைத்தும் கூழாகிவிடும். கழுவி, துடைத்து, கையால் பிசைந்து கொட்டையை நீக்கி, அடுப்பில் வைக்காமல் அப்படியே ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, கட்டியானதும் டப்பாவுக்கு மாற்றி உறைபெட்டியில் வைக்கிறேன். சூடுபடுத்தினால் நிறம் மங்கும். முழுப் பழமாகவே வைக்க வேண்டுமானால் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறையவிட்டு, பிறகு ஒன்றாகச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே பாறையாகிவிடும். உருகிய பிறகு தோல் தளர்ந்துதான் இருக்கும், தின்பதற்கு அல்ல, சாறுக்கும் சர்பத்துக்கும்தான். விநாயகர் சதுர்த்தியன்று படைக்க முழு நாவல் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு உறைந்த பழம் உதவாது. ஆவணியில் கடைசியாகக் காய்க்கும் மரம் எது என்று விசாரித்து வைத்துக்கொள்வதே வழி.

கொட்டையைச் சர்க்கரை நோய்க்கென்று பலர் காயவைத்துப் பொடி செய்கிறார்கள். மாத்திரை எடுத்துக்கொள்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டு இதை நம்ப வேண்டாம். எனக்கு அந்தக் கொட்டைக்கு வேறு உபயோகம் உண்டு. மலையை மறுபடி காடாக்க நாற்று வளர்க்கிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள்; அவர்களுக்குக் கொடுத்துவிடுவேன். மற்ற விதைகளைப் போல இதை உலர்த்திப் புட்டியில் சேமிக்க முடியாது. காய்ந்தால் முளைப்புச் செத்துவிடும், இரண்டு வாரம் தாண்டினாலே நம்பிக்கை குறைவு. சதையை அலசிவிட்டு, ஈரத்துணியில் முடிந்து, அந்த வாரத்துக்குள் நாற்றுப்பையில் ஊன்றச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒரு கொட்டையிலிருந்தே இரண்டு, மூன்று கன்றுகள் கிளம்புவதும் உண்டு. நல்ல மழை பிடிக்கும்வரை அவற்றைப் பிரிக்காமல் விட்டால் வேர் அறாது.